கேடயம் விளைந்த கல்லூரித் திடல்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் கால்பந்துக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். விளையாட்டைப் பாடாத தமிழ் இலக்கியம் ஒன்று இருந்தாலன்றோ அவ்வினாவிற்குப் பொருளுண்டு? சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் மகளிர் பந்தாடும் கந்துகவரி இடம்பெற்றுள்ளது. கலித்தொகையின் முல்லைப் பாடல்கள் ஏறுதழுவலைக் கண்முன் நிறுத்துகின்றன. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத மற்போரைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடியுள்ளார். ஆகவே ஆடுகளத்தைப் பற்றிப் பேசுதல் தமிழ் மாணவனுக்குப் புறம்பான செயலன்று. அதனைப் பேசாது விடுவதே நம் மரபிற்குப் புறம்பானது.

1911ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நிகழ்ந்த ஒரு கால்பந்துப் பருவத்தை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறேன். மோகன் பகான் அணி ஆங்கிலேயப் படையணியை வென்று இந்தியக் கால்பந்துச் சங்கக் கேடயத்தைப் பெற்றது என்னும் செய்தியைப் பலரும் அறிவர். வெறுங்காலோடு ஆடி வென்றார்கள் என்பதையும் சொல்லி வியப்பர். ஆயின் அந்த வெற்றி எங்கே விளைந்தது என்று கேட்போர் சிலரே. அது கல்விக்கூடங்களின் திடல்களில் விளைந்தது என்பதே என் கருத்து. அக்கருத்து உண்மையாயின், இன்று நம் கல்லூரிகள் தம் திடல்களை நடத்தும் முறை குறித்து நாம் அனைவரும் கவலை கொள்ள வேண்டியவர்களாகிறோம்.

பள்ளிச் சிறுவரும் ஒரு பேராசிரியரும்

வங்கத்தில் இந்தியர் கால்பந்து ஆடத் தொடங்கிய கதை 1877ஆம் ஆண்டிலிருந்து சொல்லப்படுகிறது. நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்னும் சிறுவர், ஆங்கிலேயர் ஆடிக்கொண்டிருந்த திடலின் ஓரமாகச் சென்றபோது தம்மிடம் உருண்டு வந்த பந்தை உதைத்துத் திருப்பி அனுப்பினார் என்பர். அவர் கல்கத்தா ஹேர் பள்ளியின் மாணவர். தோழர்களிடம் காசு திரட்டி ஒரு பந்து வாங்கிப் பள்ளித் திடலில் ஆடத் தொடங்கினார். வாங்கி வந்தது ரக்பி விளையாட்டுக்குரிய பந்து என்பதுகூட அச்சிறுவர்களுக்குத் தெரியவில்லை. அண்டையிலிருந்த மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக் அதனைக் கண்டார். சிறுவர்களைக் கடிந்து விரட்டாமல், முறையான கால்பந்தைத் தந்து ஆட்டத்தின் விதிகளைக் கற்பித்தார். இந்தியக் கால்பந்தின் முதற்பாடம் இவ்வாறு ஓர் ஆசிரியர் வாயிலாகவே தொடங்கிற்று.

இந்த நாகேந்திர பிரசாத்தின் வாழ்வில் மற்றொரு நிகழ்ச்சியும் மனங்கொள்ளத்தக்கது. அவர் நடத்திய வெல்லிங்டன் கழகத்தில் மணிதாஸ் என்பவரைச் சேர்க்க முற்பட்டபோது, அவர் குயவர் குலத்தவர் என்று கூறிச் சிலர் தடுத்தனர். நாகேந்திர பிரசாத் அத்தடைக்குப் பணியவில்லை. அக்கழகத்தையே கலைத்துவிட்டு, பிறப்பு வேறுபாடு பாராட்டாத சோபாபசார் கழகத்தை உருவாக்கினார். அந்தச் சோபாபசார் அணிதான் 1892ஆம் ஆண்டில் வணிகர் கோப்பைப் போட்டியில் கிழக்குச் சர்ரே படைப்பிரிவைத் தோற்கடித்து, ஆங்கிலேய அணி வெல்ல முடியாததன்று என்பதை நாட்டுக்கு முதன்முதலாகக் காட்டிற்று. வாயிலை அகலத் திறந்த கழகமே வெற்றிக்கு வழி திறந்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

மோகன் பகான் கழகம் 1889ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தோன்றியது. அதன் முதல் ஆட்டம் ஈடன் இந்து விடுதி மாணவர்களோடு நிகழ்ந்தது. கழகத்தின் முதலாண்டு விழாவில் கலந்துகொண்ட மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரோ, வேட்டையும் தூண்டில் மீன்பிடிப்பும் இல்லாத கழகத்துக்கு அவற்றையும் உள்ளடக்கும் பெயர் பொருந்தாது என்று சுட்டி, உடற்பயிற்சி விளையாட்டுக் கழகம் என்னும் பொருள்படும் பெயரைப் பரிந்துரைத்தார். எதிர்த்து ஆடியவர் விடுதி மாணவர். பெயரைத் திருத்தியவர் கல்லூரி ஆசிரியர். அக்கழகத்தின் பிறப்பிலேயே கல்லூரியின் கை பதிந்துள்ளது.

ஒரு பருவத்திற்குப் பின்னே பல பருவங்கள்

1911ஆம் ஆண்டின் வெற்றி ஒரே திங்களில் வானத்திலிருந்து விழுந்ததன்று. 1900ஆம் ஆண்டு முதற்கொண்டு கழகச் செயலராயிருந்த சைலன் பாசு, படைத்துறையில் பணியாற்றியவர். ஆட்டக்காரர்களுக்கு ஒழுங்கான உடற்பயிற்சி முறையை வகுத்தார். 1905இல் கிளாட்ஸ்டன் கோப்பை கிட்டிற்று. 1906, 1907, 1908 ஆகிய மூன்றாண்டுகளிலும் தொடர்ந்து வணிகர் கோப்பை கிட்டிற்று. 1909இல் கேடயப் போட்டியில் நுழைந்து தோற்றனர். தோற்றபின் மீண்டும் பயிற்சிக்குத் திரும்பினர்.

1911 சூலைத் திங்களில் முதற் சுற்றில் அவர்களை எதிர்த்தது புனித சேவியர் கல்வி நிறுவனத்தின் அணி. அதனை 3-0 என்று வென்றனர். அடுத்து ரேஞ்சர்ஸ் அணியை 2-1 என்றும், ரைபிள் பிரிகேடு படையணியை 1-0 என்றும் வென்றனர். அரையிறுதியில் மிடில்செக்ஸ் படைப்பிரிவோடு 1-1 என்று சமன் செய்து, மறு ஆட்டத்தில் 3-0 என்று வென்றனர். சூலை 29ஆம் நாள் இறுதி ஆட்டம். எதிரே கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவு.

அந்நாளில் திடலைச் சூழ்ந்த கூட்டம் எண்பதாயிரம் முதல் ஓர் இலட்சம் வரை இருக்கும் என்று மதிப்பிட்டனர். பின்வரிசையில் நின்றோர்க்குப் பந்து தெரியவில்லை. வானில் ஏற்றிய காற்றாடிகளால் கோல் கணக்கு அறிவிக்கப்பட்டது. முதல் கோலைப் படையணியே போட்டது. ஆட்டம் முடிவை நெருங்கிய வேளையில் அணித்தலைவர் சிவதாஸ் பாதுரி சமன் செய்தார். இறுதி நிமிடங்களில் அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலைப் போட்டார். 2-1 என்ற கணக்கில் கேடயம் முதன்முறையாக இந்திய அணியொன்றின் கைக்கு வந்தது.

வெற்றிக் கோல் அடித்த அபிலாஷ் கோஷ், ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியின் மாணவர். பின்காவலில் நின்ற சுதிர் சட்டர்ஜி, கல்லூரி ஆசிரியர், கிறித்தவர், பதினொருவரில் காலணி அணிந்து ஆடியவர் அவர் ஒருவரே. மாணவரும் ஆசிரியரும் ஒரே அணியில் ஆடினர். வெறுங்காலும் காலணியும் ஒரே பந்தைத் துரத்தின. பாடசாலை நான்கு சுவர்களுக்குள் முடிவதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அவ்வெற்றி ஒரு சமயத்தாரின் மகிழ்ச்சியாக நின்றுவிடவில்லை. 1906 முதல் கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ‘தி முசல்மான்’ என்னும் ஆங்கில ஏடு, இந்து உடன்பிறப்புகளின் வெற்றியை முஸ்லிம்கள் கொண்டாடியதை உவகையோடு பதிவு செய்தது. சென்னையில் 1927இல் தொடங்கிய உருது நாளேடு வேறு, இவ்வேடு வேறு. வங்கப் பிரிவினையின் காயம் ஆறாதிருந்த காலத்தில், பந்து ஒன்று மனங்களைச் சேர்த்துவைத்தது என்பது பெரியோர் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி.

வியப்பு வேறு, விளக்கம் வேறு

இவ்விடத்தில் இரண்டு மயக்கங்களைக் களைதல் வேண்டும். முதலாவது, இந்த ஆட்டத்தால்தான் ஆங்கிலேயர் தலைநகரைத் தில்லிக்கு மாற்றினர் என்று மேடைகளில் முழங்குவது. 1911 டிசம்பர் 12ஆம் நாள் தில்லி தர்பாரில் அம்மாற்றமும் வங்கப் பிரிவினையின் நீக்கமும் அறிவிக்கப்பட்டன என்பது உண்மை. ஆனால் அவற்றின் காரணங்கள் ஆட்சியியலிலும் 1905 முதல் எழுந்த அரசியற் கிளர்ச்சியிலும் உள்ளன. பின்வந்தது ஒன்று முன்வந்ததன் விளைவே என்று கொள்ளுதல் மாணவர்க்குக் கற்பிக்கத்தக்க முறையன்று. உண்மையிலேயே பெரிய வெற்றிக்குப் பொய்யான மகுடம் தேவையில்லை.

இரண்டாவது மயக்கம், வெறுங்காலைப் புகழ்ந்து பயிற்சியை மறப்பது. வெறுங்கால் அவர்களுடைய அந்நாளைய நிலைமையே ஒழிய, வெற்றியின் காரணமன்று. இதற்கு வரலாறே விடை சொல்கிறது. 1891இல் நிறுவப்பெற்ற முகமதன் ஸ்போர்டிங் கழகம் 1934ஆம் ஆண்டில் கல்கத்தா லீக் பட்டத்தை வென்ற முதல் இந்திய அணியாயிற்று. தொடர்ந்து 1938 வரை ஐந்தாண்டுகள் அப்பட்டம் அதனிடமே இருந்தது. 1940இல் தூரந்து கோப்பையையும் வென்றது. அக்கழகத்தார் மழையில் நனைந்த திடலில் காலணி அணிந்து ஆடப் பழகினர். பெங்களூர் முதலிய தொலைவூர்களிலிருந்தும் திறமையாளரைத் தேடிச் சேர்த்தனர். முன்னோர் வெறுங்காலோடு வென்றனர் என்பதற்காக அவர்கள் வெறுங்காலைக் கொள்கையாக்கிக்கொள்ளவில்லை. முன்னோர் செய்ததையே செய்வதும், முன்னோரைப் போலச் சிந்திப்பதும் வெவ்வேறு என்பதை இதனினின்றும் அறியலாம்.

நம் சமுதாயத்து இளைஞர் முகமதன் ஸ்போர்டிங்கின் புகழைப் பேசிக் களிப்பது இயல்பே. அப்புகழைப் பேசுவோர், அதற்குப் பின்னிருந்த தேடலையும் புதுமையையும் பயிற்சியையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

தோற்றவர்க்கும் ஓர் இடம்

1911ஐக் கொண்டாடுவோர் எவரும் சேவியர் அணியை நினைப்பதில்லை. முதற் சுற்றில் மூன்று கோல் வாங்கித் திரும்பிய அணி அது. அவ்வணி களத்திற்கு வராமல் இருந்திருந்தால் முதற் சுற்று ஏது? பள்ளி, கல்லூரி, அலுவலகம், படை என்று பலவகை அணிகள் ஆண்டுதோறும் ஆடிக்கொண்டிருந்ததனாலேயே கல்கத்தாவில் ஒரு மோகன் பகான் தோன்ற முடிந்தது. ஏணியின் கீழ்ப்படிகளை அறுத்தெறிந்துவிட்டு மேற்படியில் எவரும் நிற்றல் இயலாது.

வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றான். புறப்புண் நாணி வடக்கிருந்தவன் தோற்ற சேரன். வென்ற கரிகாலனின் முன்னேயே, தோற்றவன் அவனினும் மேலானவன் என்று பாடிய துணிவு வெண்ணிக் குயத்தியாருடையது. குயவர் குலத்துப் பெண்பாற் புலவர் என்று அவர் பெயரே உணர்த்துகிறது. மணிதாசுக்கு வாயில் மறுத்த கல்கத்தாக் கழகத்தார்க்கு அது தெரியாமலிருக்கலாம். ஒரு குயத்தியின் தீர்ப்பை ஈராயிரம் ஆண்டுகளாகப் போற்றிவரும் நமக்குத் தெரியாமலிருத்தல் ஆகாது. தோற்பவனையும் மதிக்கத் தெரிந்த மரபு நம்முடையது. கோப்பை கொணரும் பதினொருவருக்கு மட்டும் மாலை சூட்டி, மற்றவரைத் திடலின் பக்கமே வரவிடாத கல்லூரி அம்மரபை மறந்த கல்லூரியாகும்.

நெய்வேலியின் பாடம்

நெய்வேலியில் வாழ்வோர்க்கு இவ்வுண்மையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இங்குச் சுரங்கப் பணி 1957இல் தொடங்கப்பெற்றது. பழுப்பு நிலக்கரி கண்ணுக்குப் புலனானது 1961இல். இடைப்பட்ட ஆண்டுகளில் வெட்டி எடுத்ததெல்லாம் மண். அடியிலிருந்து அழுத்தத்தோடு பொங்கும் நிலத்தடி நீரையும் ஓயாது இறைத்தனர். மண்ணை அகற்றிய நாள்களை வீண்நாள்கள் என்று எவரேனும் கூறுவரோ? கூறியிருப்பின் இவ்வூரில் மின்விளக்கு எரிந்திராது. மாலைதோறும் திடலில் மாணவன் ஓடும் ஓட்டமும் அத்தகையதே. அதன் பயன் உடனே மதிப்பெண் பட்டியலில் தோன்றுவதில்லை. அதனால் அது வீண் என்று ஆகிவிடாது.

பல மாவட்டங்களிலிருந்தும் பல மாநிலங்களிலிருந்தும் வந்த குடும்பங்கள் கலந்து வாழும் நகரியம் இது. வட்டந்தோறும் வெளியிடம் விட்டுத் திட்டமிட்டு அமைக்கப்பெற்றது. வெவ்வேறு மொழி பேசும் வீடுகளின் பிள்ளைகள் ஒரே பந்தின் பின்னே ஓடி வளர்ந்த ஊர். திடல் செய்யும் பணி யாது என்பதை இவ்வூரின் இரண்டு தலைமுறையினர் தம் வாழ்விலேயே கண்டிருக்கின்றனர்.

ஆயினும் இன்று கல்லூரிகள் பலவற்றின் நிலை என்ன? புதிய பாடப்பிரிவு தொடங்க வேண்டுமெனில் கட்டடத்திற்கு இடம் தேடும் கண் முதலில் திடலின் மீதே விழுகிறது. பாடம் முடியவில்லையெனில் பறிக்கப்படுவது விளையாட்டு வேளையே. தேர்வு நெருங்கினால் பந்து அறைக்குள் பூட்டப்படுகிறது. பல்கலைக்கழகப் போட்டிக்கென எங்கிருந்தோ நான்கு திறமையாளரைச் சேர்த்து, கோப்பை வந்ததும் முதல்வர் அறையில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துவிட்டு, விளையாட்டில் சிறந்த கல்லூரி என்று விளம்பரம் செய்துவிடுகிறோம். ஆயிரம் மாணவர் பயிலும் இடத்தில் பந்தைத் தொட்டவர் எத்தனை பேர் என்று எண்ணுவதில்லை.

பெற்றோரின் அச்சம் எனக்குப் புரியாததன்று. கடன் வாங்கிப் படிக்கவைக்கும் தந்தை, மகன் பந்தாடித் திரிகிறான் என்றால் கலங்கவே செய்வார். வேலை கிடைக்கும் வழியைத்தான் அவர் கேட்கிறார். அவருக்கு என் விடை இது: மாலையில் ஒரு மணி நேரம் ஆடுவதால் எவருடைய படிப்பும் கெட்டதில்லை. நேரத்தைத் தின்பன வேறு உள்ளன. அவை கையடக்கமாய், ஓசையின்றி, இரவு முழுவதும் தின்கின்றன. திடலில் ஆடுகின்ற பிள்ளை குறித்த நேரத்தில் வரக் கற்கிறான். நடுவரின் தீர்ப்பு தனக்குப் பாதகமாயினும் ஏற்கப் பழகுகிறான். தன்னைவிட நல்ல இடத்தில் நிற்பவனுக்குப் பந்தைக் கொடுக்கத் தெரிந்துகொள்கிறான். இவற்றைக் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்க முயன்ற ஆசிரியர்களுள் நானும் ஒருவன். இவற்றைப் பொறுத்தவரை என் வகுப்பறையைக் காட்டிலும் திடலே சிறந்த ஆசிரியர் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மகளிர் பற்றியும் ஒரு சொல். கந்துகவரி பாடிய நாட்டில், பெண்பிள்ளைகளுக்குத் திடல் எதற்கு என்று கேட்பது பொருந்தாது. 2018ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் தமிழக மகளிர் அணி தேசிய கால்பந்துப் பட்டம் வென்றது. நம் கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியில் ஆடியவர். காவல்துறைப் பணியிலும் இருப்பவர். நாம் கண்ணியம் காக்கும் ஏற்பாடுகளைச் செய்து தருதல் முறை. ஏற்பாடு செய்ய மனமின்றி வாயிலை அடைத்துவிட்டு அதற்குக் கண்ணியம் என்று பெயரிடுதல் முறையன்று.

செய்யத்தக்கவை

குறை கூறி நிறுத்துதல் ஆசிரியர்க்கு அழகன்று. ஆகவே நான்கு கருத்துகளை நிர்வாகத்தார், ஆசிரியர், மாணவர் முன் வைக்கின்றேன். முதலாவது, கல்லூரித் திடலின் ஓரடி நிலமும் கட்டடத்திற்குச் செல்லாது என்று நிர்வாகக் குழு தீர்மானம் இயற்றுதல் வேண்டும். கட்டடம் மேல்நோக்கி உயரலாம். திடல் மேல்நோக்கி உயர இயலாது. இரண்டாவது, விளையாட்டு வேளையைப் பாட வேளை விழுங்கலாகாது. விழுங்கினால் அதே வாரத்தில் ஈடு செய்தல் வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு துறைக்கும் ஓர் அணி அமைத்து, துறைகளுக்கிடையே பருவம் முழுவதும் ஆட்டங்கள் நடத்துதல் வேண்டும். ஒரே தோல்வியோடு வெளியேறும் முறையைவிட, ஒவ்வொரு அணியும் மற்ற ஒவ்வொன்றோடும் ஆடும் லீக் முறையே கற்பவர்க்கு ஏற்றது. தோற்றவனுக்கு மறுவாரமே மறுவாய்ப்பு உண்டு. நான்காவது, ஆண்டிற்கு ஒருமுறையேனும் ஆசிரியரும் மாணவரும் கலந்து ஆடும் ஆட்டம் ஒன்று நடைபெறுதல் வேண்டும். சுதிர் சட்டர்ஜியும் அபிலாஷ் கோஷும் ஒரே அணியில் ஆடலாமெனில் நாம் ஆடலாகாதா?

இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. இரண்டு கோல்கம்பங்களும், சில பந்துகளும், சுண்ணாம்புக் கோடும், மாலையில் அரைமணி நேரம் கூடுதலாக நிற்கும் ஓர் ஆசிரியரும் போதும். சமுதாயப் பெரியோர் கட்டடங்களுக்கு வாரி வழங்குவதைக் கண்டிருக்கிறோம். கட்டடத்தில் பெயர் பொறிக்கலாம், புல்வெளியில் பொறிக்க இயலாது என்பது உண்மையே. ஆயினும் 1877இல் ஹேர் பள்ளிச் சிறுவர்க்கு ஒரு பந்தை அளித்த பேராசிரியர் ஸ்டாக்கின் பெயர் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படாமலேயே நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

1911க்குப் பின் மோகன் பகான் அணி அதே கேடயத்தை மறுமுறை வென்றது 1947ஆம் ஆண்டில். இடையில் 36 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளும் அவர்கள் ஆடிக்கொண்டேயிருந்தனர். நம் கல்லூரி அணி இவ்வாண்டு வெல்லுமா என்று என்னைக் கேட்கும் மாணவர்க்கு நான் கூறுவது இதுதான்: வெல்வது பிறகு ஆகட்டும், முதலில் அடுத்த ஆண்டும் ஆடுவதற்குத் திடல் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.